அப்டேட் போட்ட பிறகு இரவில் இறங்கும் சார்ஜ்: ஆறுகாணி வீட்டுப் போன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் ஆண்ட்ராய்டு போன் இது. வீடு கேரள எல்லையை ஒட்டிய ஆறுகாணிப் பக்கம். பேட்டரி 5000 எம்ஏஎச், சிம் இரண்டு, வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. பெரிய அப்டேட் ஒன்று வந்து இரண்டு வாரம் கழிந்திருந்தது. அவர் சொன்ன குறை இவ்வளவுதான்: "அப்டேட் போட்ட பொறவுதான் மக்களே இப்படி. ராத்திரி பூரா சும்மா கெடக்கு. காலத்த எடுத்துப் பாத்தா முப்பது கொறஞ்சு கெடக்கு."

பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கும் வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் தனியாகத் தோட்டத்துக்குள் நடப்பவருக்குப் பாம்போ பன்றியோ குறுக்கிட்டால் வீட்டைக் கூப்பிடக் கையில் இருப்பது இந்தப் போன் ஒன்றுதான். அதனால் 'ராத்திரி ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள்' என்று சொல்லி அனுப்பி முடிக்கக்கூடிய குறை அல்ல.

மார்த்தாண்டத்துப் பழுதுபார்க்கும் கடைக்கு வருவதற்கு முன்பே போனுக்கு இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. பேட்டரி மாற்றப்பட்டிருந்தது. 'பேட்டரி சேவர்' என்ற பெயரில் ஒரு செயலியும் ஏற்றப்பட்டிருந்தது. இரண்டாலும் பலன் இல்லை. அடுத்ததாக ஃபேக்டரி ரீசெட் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் போன் சோதனைக்கு வந்துவிட்டது.

அப்டேட் முடிந்த பிறகும் போன் வேலை செய்துகொண்டிருக்கும்

அப்டேட் போட்ட முதல் இரண்டு மூன்று நாளில் சார்ஜ் வேகமாக இறங்கினால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அப்டேட் முடிந்தது' என்று திரை காட்டினாலும் உள்ளே வேலை மீதி இருக்கும். 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய போன்கள் பலவற்றில், ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் புதிய கோப்புகள் பழையவற்றோடு பின்னணியில் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. செயலிகள் ஒவ்வொன்றும் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றபடி மறுபடி தொகுக்கப்படும். ப்ளே ஸ்டோர் வரிசையாகச் செயலிகளைப் புதுப்பிக்கும். சில போன்களில் கேலரியும் படங்களை மறுபடி அலசி முகம் பிரிக்கும்.

இதில் கனமான வேலைகள் பெரும்பாலும் போன் சார்ஜில் இருந்து, திரை அணைந்து, சும்மா கிடக்கும்போது நடப்பதற்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டவை. 20 நிமிடம் செருகி 20 நிமிடம் பிடுங்கும் பழக்கம் உள்ள போனில் அவை முடிய நாள்கணக்கில் ஆகும். ஆகவே அப்டேட் போட்ட அன்றே வைஃபை உள்ள இடத்தில் ஓர் இரவு முழுக்கச் சார்ஜில் விடுங்கள். மறுநாள் ப்ளே ஸ்டோரில் பாக்கி இருக்கும் செயலிகளைப் புதுப்பித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் இறக்கம் குறையவில்லை என்றால் சோதனையைத் தொடங்கலாம். இந்தப் போன் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

கடையில் குறை தெரியாமல் போனது ஏன்

முதல் இரவு போன் மார்த்தாண்டம் கடையிலேயே வைக்கப்பட்டது. இரவு 9 மணிக்கு 98 சதவீதம், அதிகாலை 4 மணிக்கு 94. ஏழு மணி நேரத்தில் 4 சதவீதம் என்பது 200 எம்ஏஎச். சராசரி ஓட்டம் 29 மில்லி ஆம்பியர் அளவு. இரண்டு சிம் போட்ட போனுக்கு இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் 'போன் நன்றாகத்தான் இருக்கிறது' என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் பழைய பேட்டரி மேல் பழியைப் போட்டிருப்பார்கள். முன்பு நடந்ததும் அதுதான். போன் எங்கே இரவைக் கழிக்கிறதோ அங்கேதான் இரவுச் சோதனையும் நடக்க வேண்டும். மார்த்தாண்டம் கடைத்தெருவில் 4ஜி சிக்னல் -84 டிபிஎம் அளவில் இருந்தது (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; கழித்தல் குறிக்குப் பின்னுள்ள எண் கூடக் கூடச் சிக்னல் பலவீனம்). வீட்டில் எவ்வளவு என்று அதுவரை யாரும் பார்க்கவில்லை.

மாற்றிய பேட்டரி சரிதானா என்பதும் அன்றே பார்க்கப்பட்டது. போன் தானாக அணையும்வரை இறக்கி, அணைந்த நிலையிலேயே யூஎஸ்பி மீட்டர் வழியாக 100 வரை ஏற்றியதில் மீட்டர் காட்டியது 21.5 வாட்-மணி. இங்கே எம்ஏஎச் எண்ணைப் பார்க்கக் கூடாது. மீட்டர் அளப்பது 5 அல்லது 9 வோல்ட் பக்கத்தில். பேட்டரியின் எம்ஏஎச் கணக்கோ 3.85 வோல்ட் அளவில். வாட்-மணியில் ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும். 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 19.25 வாட்-மணி. ஏற்றும்போது சூடாகப் போகும் பங்கைக் கழித்துப் பார்த்தால் 21.5 என்பது நல்ல பேட்டரியின் எண். அதாவது பேட்டரி இந்தக் குறைக்குக் காரணம் இல்லை.

வீட்டில் எடுத்த அளவுகள்

சோதனை முறை எளிது. போன் உரிமையாளரே செய்துகொள்ளலாம். இரவு 9 மணிக்கு 98 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றிப் போனை வழக்கமான இடத்தில் வைத்து, 4 மணிக்கு எடுத்ததும் முதல் வேலையாகச் சதவீதத்தைக் குறிக்க வேண்டும். நடுவில் தொடக் கூடாது. ஓர் இரவுக்கு ஒரே ஒரு மாற்றம்தான். ஒரே இரவில் நான்கு செட்டிங்கை மாற்றிச் சார்ஜ் நின்றால், எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் எதைத் திருத்துவது என்றும் தெரியாது.

வழக்கமான நிலையில்: 98-லிருந்து 70.
போனை முழுக்க அணைத்து: 98-லிருந்து 98.
ஏரோப்ளேன் மோடில்: 98-லிருந்து 96.
சேஃப் மோடில் (பிறகு ஏற்றிய செயலிகள் ஓடாத நிலை): 98-லிருந்து 73.

28 சதவீதம் என்றால் 1400 எம்ஏஎச். ஏழு மணி நேரத்துக்குச் சராசரி 200 மில்லி ஆம்பியர். மார்த்தாண்டத்தில் எடுத்ததைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. போன் அதேதான், பேட்டரியும் அதேதான்.

அணைத்த இரவில் ஒன்றும் இறங்காததால் போர்டில் கசிவு இல்லை என்று ஆனது. ஏரோப்ளேன் மோடில் 2 மட்டும் இறங்கியதால் திரை, சென்சார், பிராசசர் ஆகியவை தூங்க வேண்டிய நேரத்தில் தூங்குகின்றன. மீதி இருப்பது ரேடியோவும், ரேடியோவைக் கிளப்பிவிடும் செயலிகளும். இரண்டில் எது என்பதைச் சேஃப் மோடு இரவு பிரித்துக் காட்டியது. பிறகு ஏற்றிய செயலிகள் எல்லாம் நின்றும் 25 சதவீதம் இறங்கியது. சேஃப் மோடில் போனோடு வந்த செயலிகள் ஓடத்தான் செய்யும் என்பதால் இது முழுத் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் பிறகு ஏற்றிய எந்தச் செயலியும் முதல் குற்றவாளி இல்லை என்பது உறுதி.

பேட்டரித் திரை காட்டியதும் காட்டாததும்

செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டைத் திறந்தால் மேலே வருவது செயலிகளின் பட்டியல். வாட்ஸ்அப்பும் கூகுள் ப்ளே சர்வீசஸும் அங்கே முதலில் நின்றதால் சந்தேகம் அவற்றின் மேல் விழுந்திருக்கிறது. அதே திரையில் 'செயலிகள் வாரியாக' என்பதை 'சிஸ்டம் வாரியாக' என்று மாற்றிப் பார்த்தபோது 'மொபைல் நெட்வொர்க்' என்ற வரி மற்ற எல்லாவற்றையும் விட உயரத்தில் இருந்தது. பல போன்களில் இந்த வரி தானாக முன்னால் வராது. தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு செட்டிங்ஸ், 'போன் விவரம்', சிம் நிலை என்று போய்ச் சிக்னல் வலிமை பார்க்கப்பட்டது. முதல் சிம் -112-க்கும் -116-க்கும் இடையில் ஆடியது. இரண்டாவது -119; சில நேரம் 'சேவை இல்லை', சில நேரம் ரோமிங் குறி. மேலே கோடு இரண்டு காட்டுகிறதா மூன்று காட்டுகிறதா என்பதை நம்ப வேண்டாம், அந்தக் கோடுகளின் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. டிபிஎம் எண் மட்டுமே ஒப்பிடத்தக்கது. 4ஜி-யில் -95 வரை நல்லது, -105 தாண்டினால் பலவீனம், -115-க்குக் கீழே போனால் நூலில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு 10 டிபி இறக்கத்துக்கும் வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். மார்த்தாண்டத்தின் -84-க்கும் இந்த வீட்டின் -114-க்கும் உள்ள இடைவெளி ஆயிரம் மடங்கு.

டவர் தூரமாக இருந்தால் போன் உரக்கக் கத்த வேண்டும். 4ஜி போன் ஒன்று சாதாரணமாக அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை ஒலிபரப்பும். அந்த 200-ஐ ஆன்டெனாவுக்குத் தர, பேட்டரியிலிருந்து அதைப் போலப் பல மடங்கு எடுக்க வேண்டியிருக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இதில் சிறு பகுதிகூடத் தேவைப்படாது. சிக்னல் அடிக்கடி அறுந்தால் இன்னொரு செலவும் சேரும்: ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடும் வேலை.

இந்த வீட்டில் சிக்னல் எப்போதும் இப்படித்தானே, அப்டேட் செய்தது என்ன

மூன்று மாதம் முன்பும் இதே வீடு, இதே மலை, இதே டவர். அப்போது சார்ஜ் நின்றது. மாறியது செட்டிங். இரண்டு சிம்மிலும் 'விருப்ப நெட்வொர்க் வகை' என்ற இடம் '5ஜி ஆட்டோ' என்று நின்றது. வீட்டிலுள்ள மகன் அதை முன்பு 4ஜி-யில் வைத்திருந்தார். பெரிய அப்டேட்டில் இது தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டது.

இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1-ல். 4ஜி-யை நங்கூரமாக வைத்துக்கொண்டு அதன் மேல் 5ஜி சேர்க்கும் முறையில், போன் இரண்டு ரேடியோவையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். டவர் அருகில் இருந்தால் இது பெரிய செலவு இல்லை. 5ஜி விளிம்பில் மட்டும் எட்டும் மேட்டுக் காட்டில் போன் 5ஜி-யைப் பிடிக்கும், விடும், 4ஜி-க்கு வரும், திரும்பவும் 5ஜி-யைத் தேடும். ராத்திரி முழுக்க, இரண்டு சிம்முக்கும் இதே வேலை.

எல்லைப் பகுதியின் சிக்கல் அதற்கு மேல். செல்பேசிச் சேவையில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் இன்னொரு வட்டம். ஆறுகாணி, பத்துகாணி, களியக்காவிளைப் பக்கங்களில் மேட்டில் ஏறினால் கேரளத்துக் டவர் பலமாக விழும் இடங்கள் உண்டு. தமிழ்நாட்டு சிம் அங்கே ரோமிங்கில் ஒட்டிக்கொண்டால், குறிப்பிட்ட இடைவெளியில் சொந்த நெட்வொர்க் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கும். இது செல்பேசித் தரத்திலேயே உள்ள வழக்கம். இடைவெளி சிம்முக்குள் எழுதியிருக்கும். இரண்டாவது சிம் இந்த ஊசலில்தான் கிடந்தது.

ஒவ்வொன்றாகத் திருத்தியது

இரண்டாவது சிம்மை மட்டும் செட்டிங்ஸில் அணைத்த இரவில் 98-லிருந்து 81. அதைத் திரும்ப இயக்கி, இரண்டு சிம்மையும் 5ஜி ஆட்டோவிலிருந்து '4ஜி/3ஜி/2ஜி ஆட்டோ'வுக்கு மாற்றிய இரவில் 98-லிருந்து 84. பாதி இறக்கம் அந்த ஒரே மாற்றத்தில் நின்றுவிட்டது.

*#*#4636#*#* அடித்து வரும் மறைவுத் திரையில் '4ஜி மட்டும்' என்று பூட்டிவிடச் சொல்லும் யோசனை பரவலாக உண்டு. சில நிறுவனங்களின் போனில் அந்தத் திரையே திறக்காது. திறந்தாலும் இந்த வேலைக்கு அது வேண்டாம். 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்இ வசதி சிம்மிலும் போனிலும் சரியாக இயங்கவில்லை என்றால், 4ஜி மட்டும் என்று பூட்டிய போனுக்கு அழைப்பே வராது. இணையம் ஓடும், வாட்ஸ்அப் வரும், மணி மட்டும் அடிக்காது. ஆபத்துக்குப் போன் வைத்திருப்பவருக்கு இதைச் செய்து கொடுப்பது பெரிய தவறு.

அடுத்தது நெட்வொர்க் தேர்வு. இரண்டாவது சிம்மில் 'தானாகத் தேர்வு' எடுக்கப்பட்டு, சொந்த நெட்வொர்க் கையால் தேர்ந்து வைக்கப்பட்டது. முதல் சிம்மில் இதைச் செய்யவில்லை. கையால் பூட்டினால் சொந்த டவர் எட்டாத பள்ளத்தில் போன் கேரளத்துக் டவருக்குத் தாவாது. தோட்டத்தின் ஒரு பகுதியில் அந்த டவர்தான் கிடைக்கிறது. சார்ஜ் இரண்டு சதவீதம் கூடுதலாகப் போனாலும் முதல் சிம் தானாகவே தேடிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது.

போன் வைக்கும் இடத்தைக் கவனித்ததில் கிடைத்த பலன் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. இரவில் போன் கிடந்தது தகரக் கூரை போட்ட அறையில், இரும்புப் பீரோவின் மேல், சுவரோரம். அங்கே முதல் சிம்முக்கு -116. அதே அறையின் மரச் சன்னல் திண்டில் -108. எட்டு டிபி என்றால் சக்தியில் ஆறு மடங்கு. ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம். வீட்டுக்குள் சிம் நிலைத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்கைந்து இடத்தில் அரை நிமிடம் நின்று நின்று பார்த்தால் நல்ல இடம் தெரிந்துவிடும். எண் மாறச் சில நொடி எடுக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

மீதி இருந்தது படக் காப்பு, அதாவது போட்டோ பேக்கப். போனோடு வந்த செயலி. ஆகவே சேஃப் மோடில் அது சிக்கவில்லை. குடும்பக் கல்யாண வீடியோக்கள் மொபைல் டேட்டாவில் ஏறப் பார்த்து, பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தன. 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றியதும் அந்த முயற்சி நின்றது. கூடவே 'பேட்டரி சேவர்' செயலியும் நீக்கப்பட்டது. அந்த வகைச் செயலிகள் மற்றவற்றைக் கொன்று போட, அவை திரும்ப எழுந்து நெட்வொர்க்கைத் தொட, செலவு கூடத்தான் செய்யும். தூங்கும் போனை அமைதியாக வைக்கும் டோஸ் முறை 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே சிஸ்டத்துக்குள் இருக்கிறது.

இவ்வளவும் சேர்ந்த இரவில் 98-லிருந்து 91. இரவில் மட்டும் இரண்டாவது சிம்மை அணைத்து வைத்தால் 93. சராசரி 36 மில்லி ஆம்பியர். அந்த இடத்துச் சிக்னலுக்கு இதற்குக் கீழே எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. சிம் செட்டிங்கில் வைஃபை காலிங்கை இயக்கி, ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்கினால் டவரைத் தேடும் வேலையே இல்லாமல் அழைப்பு வரும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் அழைப்பும் நின்றுவிடும். தென்மேற்குப் பருவமழையில் மரம் முறிந்து கம்பி அறும் ஊர்களில் ரவுட்டருக்குச் சிறு பேக்கப் இல்லாமல் இதை நம்ப வேண்டாம்.

அளவுகள் வேறு மாதிரி வந்திருந்தால்

ஏரோப்ளேன் மோடிலும் 15, 20 இறங்கி, சேஃப் மோடில் நின்றிருந்தால் ஏற்றிய செயலி ஒன்றின் வேலை. கடைசியாக ஏற்றியதிலிருந்து பின்னோக்கி நீக்கிப் பார்க்க வேண்டும். சேஃப் மோடிலும் நிற்கவில்லை என்றால் கூகுள் கணக்கின் ஒத்திசைவு சுழலில் மாட்டியிருக்கலாம்: காப்பு இருப்பதை உறுதி செய்துகொண்டு கணக்கை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, திரும்பச் சேர்க்கவும். லொகேஷன் செட்டிங்கில் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டும் அப்டேட்டில் இயங்கிவிட்டதா என்றும் பார்க்கவும். ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேயும் அப்படியே.

அணைத்து வைத்த இரவிலும் 5, 10 இறங்கினால் அப்டேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாள் ஒத்துப்போனது தற்செயல். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்ப் போன்களில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் சார்ஜிங் போர்டில் பச்சைப் பூப்பாகப் படிந்து மெல்லிய கசிவுப் பாதையை உண்டாக்கும். பேட்டரியைக் கழற்றி, டிசி பவர் சப்ளையில் 4 வோல்ட் கொடுத்து, போனை இயக்காமலே ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நல்ல போர்டில் அது ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்கும். பத்து இருபது காட்டினால் சார்ஜிங் போர்டின் கனெக்டரைக் கழற்றித் திரும்பப் பார்க்கவும். எண் விழுந்தால் குறை அந்தப் போர்டில். 99 சதவீத ஐபிஏ-யால் (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) சுத்தம் செய்தும் திரும்ப வந்தால் போர்டை மாற்றிவிடுவதே நல்லது. எண் விழவில்லை என்றால் மெயின் போர்டு வேலை.

பழைய பதிப்புக்குத் திரும்புவது இந்தக் குறைக்கு வழி அல்ல. அதற்காகப் பூட்லோடரை (போனைத் தொடக்கிவைக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்தால் போனிலுள்ள எல்லாம் அழியும். வங்கிச் செயலிகள் மறுக்கும். சில போன்கள் பழைய பதிப்பை ஏற்கவே ஏற்காமல் செத்த கட்டையாகிவிடும். ஃபேக்டரி ரீசெட்டும் இந்தப் போனில் எதையும் திருத்தியிருக்காது, ரீசெட்டுக்குப் பிறகும் நெட்வொர்க் வகை 5ஜி ஆட்டோவில்தான் வந்து நின்றிருக்கும்.

ஐபோனில் இதே சோதனை பொருந்தும். மொபைல் டேட்டா செட்டிங்கில் 'குரல், டேட்டா' என்ற இடத்தில் 5ஜி-யிலிருந்து எல்டிஇ-க்கு மாற்றலாம். பேட்டரி நலன் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் பேட்டரியைப் பற்றி யோசிக்கவும்.

அடுத்த மாதம் பாதுகாப்பு அப்டேட் ஒன்று வந்தது. மூன்று நாள் விட்டு அளந்ததில் 98-லிருந்து 84. திறந்து பார்த்தால் இரண்டாவது சிம் மட்டும் 5ஜி ஆட்டோவுக்குத் திரும்பியிருந்தது. கையால் தேர்ந்த நெட்வொர்க்கும் தானியங்கிக்கு மாறியிருந்தது. இரண்டையும் திருத்திய இரவில் 91. இப்போது அந்த இரண்டு செட்டிங்கும் ஒரு தாளில் எழுதிப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. அப்டேட் வரும்போதெல்லாம் மகன் அதைப் பார்த்துத் திருத்துகிறார்.